பன்னிரண்டு பெயர்கள்: வாஸ்கோ ட காமா கிளப்பின் கதை



பிரேசில் கால்பந்து என்று அழைப்பிதழில் போட்டிருப்பதைப் பார்த்து, பெலேயைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பெலே வருவார், ஆனால் ஓரமாக வந்து போய்விடுவார். நான் எடுத்துக்கொண்டிருப்பது ரியோ டி ஜெனிரோ நகரத்தின் வடக்குப் பகுதியில் இருக்கும் ஒரு கிளப்பின் கதை. அதன் பெயர் நம் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த பெயர்: வாஸ்கோ ட காமா.

ஆமாம், 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் பாய்ச்சிய அதே ஆள்தான். அந்தக் கடல் பயணத்தின் 400ஆம் ஆண்டை 1898இல் போர்த்துகீசியர்கள் தாங்கள் குடியேறிய ஊர்களிலும் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, ரியோ துறைமுகத்தை ஒட்டிய சாவூடே பகுதியில் போர்த்துகீசிய இளைஞர்கள் கூடிப் படகுப் போட்டிக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் மாலுமியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அந்த மாலுமி 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு கொளுத்தியவர். மலபார்க் கரை அதை மறக்கவில்லை. ரியோவின் கடைப் பையன்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்குமா, தெரிந்தாலும் பொருட்படுத்தியிருப்பார்களா என்பது வேறு விஷயம். அந்தப் பெயரைத் தாங்கிய சங்கம்தான் பின்னாளில் பிரேசிலின் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்தது. சரித்திரத்துக்கு இப்படிக் குறும்பு செய்யும் பழக்கம் உண்டு.

தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் வேலை பார்த்த சிப்பந்திகள். ரியோவில் அன்று போர்த்துகீசியர் என்றால் ஊருக்கு இளக்காரம். கஞ்சன், கடன் கொடுத்துக் கழுத்தைப் பிடிப்பவன், மரச்செருப்புப் போட்டவன் என்று கேலிச்சித்திரம் போடுவார்கள். நாட்டை ஆண்ட இனத்தின் ஏழைப் பிள்ளைகள், சுதந்திரம் அடைந்த காலனியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலம் அது. மேல்தட்டு கிளப்புகளின் வாசல் இவர்களுக்கும் திறக்கவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம். 1904இல் இந்தக் கிளப் கான்டிடோ ஜோசே டி அராவ்ஜோ என்ற கலப்பினத்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888 மே 13 அன்று. அதாவது 16 ஆண்டுகளே ஆகியிருந்தன.

கால்பந்து வாஸ்கோவுக்கு வந்தது தாமதமாகத்தான். 1915இல் லுசிடானியா என்ற சிறு கிளப்பைத் தன்னோடு இணைத்துக்கொண்டு கால்பந்தில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஆடிய முதல் ஆட்டத்தில் 10-1 என்று தோற்றது. அதோடு மூட்டை கட்டியிருந்தால் இந்தச் சொற்பொழிவே இல்லை.

அப்போது ரியோவின் கால்பந்து யார் கையில் இருந்தது? ஃபுளுமினென்சி, ஃபிளமெங்கோ, போட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகிய கிளப்புகளின் கையில். ஃபுளுமினென்சி 1902இல் தொடங்கியது. அதன் தலைவர் அர்னால்டோ கின்லே, சாண்டோஸ் துறைமுகத்தை நடத்திய கோடீஸ்வரக் குடும்பத்தின் பிள்ளை. 1923இல் கோபகபானா பேலஸ் ஹோட்டலைத் திறந்ததும் இதே குடும்பம்தான். ஆடுபவர்கள் மருத்துவ மாணவர்கள், வக்கீல்கள், நல்ல இடத்துப் பிள்ளைகள். பார்க்க வருபவர்கள் தொப்பியும் கையுறையுமாக வந்தார்கள். பணத்துக்கு ஆடுவது கேவலம், ஆட்டம் ஆட்டத்துக்காகவே என்பது கொள்கை. வயிறு நிறைந்தவனுக்கு இது மிகச் சுலபமான கொள்கை.

இங்கே ஒரு கணக்கை நேர் செய்ய வேண்டும். கறுப்பினத்தவரை ஆடவைத்த முதல் கிளப் வாஸ்கோ என்று சில புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. அது சரியல்ல. ரியோவின் புறநகரில் ஆங்கிலேய மேலாளர்கள் நடத்திய பஞ்சாலை ஒன்று இருந்தது. அதையொட்டி 1904இல் பிறந்தது பாங்கு கிளப். ஆள் போதாமல் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 1905இலேயே பிரான்சிஸ்கோ கரெகல் என்ற நெசவாளி அந்த அணியில் ஆடினார். அந்தப் பெருமை பாங்குவுக்கே போகட்டும். ஆனால் பாங்கு பட்டம் வெல்லவில்லை. தொழிலாளிகள் ஆடித் தோற்கும்வரை பெரிய இடத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. ஃபுளுமினென்சியில் கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்ற கலப்பின ஆட்டக்காரர் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார், வியர்வையில் பவுடர் கரைய எதிர் அணியின் ரசிகர்கள் கூவினார்கள் என்று ஒரு கதை உண்டு. அரிசி மாவுப் பவுடர் என்பது இன்றைக்கும் அந்தக் கிளப்பின் பட்டப்பெயர். அதன் ரசிகர்களே அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டு, அணி மைதானத்துக்குள் நுழையும்போது வெள்ளைப் பவுடரை வீசுகிறார்கள்.

வாஸ்கோ வேறு வழியில் போனது. 1922இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. ரமோன் பிளாட்டெரோ என்ற உருகுவேக்காரர் பயிற்சியாளர். அணியைச் சேர்க்க நகரத்தின் வடக்குப் புறநகர்களுக்குள் போனார்கள், அங்கே தெருவிலும் தரிசிலும் பந்து உதைத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளைக் கூட்டிவந்தார்கள். கோல்கீப்பர் நெல்சன் டாக்ஸி ஓட்டியவர். மற்றவர்களில் பெயின்டர், லாரி ஓட்டுபவர், ஆலைத் தொழிலாளி எல்லாரும் உண்டு. கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் என்று கலவையான அணி. பிளாட்டெரோ இவர்களை விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்டார். நல்ல இடத்துப் பிள்ளைகள் இரவு விருந்து முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. விளைவு எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். முதல் பாதியில் எதிரணி கோல் போடும், இரண்டாம் பாதியில் மூச்சிரைக்கும், அப்போது வாஸ்கோ திருப்பிக்கொடுக்கும். பின்தங்கி வந்து ஜெயிக்கும் அணி என்று வாஸ்கோ ரசிகர்கள் இன்றும் பாடுவதற்கு அடி இங்கே இருக்கிறது.

முதல் பிரிவில் காலடி வைத்த அதே 1923இல் வாஸ்கோ சாம்பியன் ஆனது. தோற்றது ஒரே ஆட்டம், ஃபிளமெங்கோவிடம் 3-2. அந்த ஒரு தோல்வியை நகரம் திருவிழாவாகக் கொண்டாடியதையும், மரச்செருப்பும் வெங்காயச் சரமும் கட்டித் தொங்கவிட்டுப் போர்த்துகீசியர்களைக் கேலி செய்ததையும் மாரியோ ஃபில்யோ எழுதியிருக்கிறார். இந்தப் பத்திரிகையாளரின் பெயரைத்தான் இன்று மரக்கானா மைதானம் அதிகாரபூர்வமாகத் தாங்கி நிற்கிறது. பிரேசில் கால்பந்தில் கறுப்பினத்தவர் பற்றி 1947இல் அவர் எழுதிய புத்தகம் இந்தக் காலத்துக்கு முக்கியமான ஆதாரம். மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர், ஆகவே சில இடங்களில் வரலாற்று ஆசிரியர்கள் அவரை அப்படியே நம்புவதில்லை. நானும் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொல்லும் ஒரு விவரம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர விதி இடம் தராது. எனவே ஜெயித்த அன்று கையில் ஒரு ‘பிராணி’ கிடைக்கும். ரியோவில் மிருகங்களின் பேரில் ஓடும் சூதாட்டம் ஒன்று உண்டு, 25 மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் சில எண்கள். அந்த எண்களை வைத்துப் பரிசுத் தொகைக்குச் சங்கேதப் பெயர் கொடுத்தார்கள். நாய் என்றால் 5 மில்ரெய்ஸ், முயல் என்றால் 10, வான்கோழி 20, சேவல் 50, பெரிய ஆட்டத்தில் ஜெயித்தால் பசு, அதாவது 100. போர்த்துகீசியக் கடைக்காரர்கள் தங்களுக்குள் வசூல் செய்து இதைக் கொடுத்தார்கள். பிரேசிலில் இன்றும் வெற்றிக்கான ஊக்கத்தொகைக்குப் பெயர் ‘பிஷோ’, பிராணிதான். பல ஆட்டக்காரர்களின் பெயர் ஏதாவதொரு கடையின் சம்பளப் பட்டியலில் இருக்கும். லீகிலிருந்து யாராவது விசாரிக்க வந்தால், பையன் வெளிவேலையாகப் போயிருக்கிறான் என்று முதலாளி பதில் சொல்வார்.

ஆக, பெரிய கிளப்புகள் வாஸ்கோ மீது சுமத்திய குற்றச்சாட்டு ஒருவகையில் உண்மைதான். விதியை வாஸ்கோ மீறியது. இதை மறைத்துவிட்டுக் கதை சொல்பவர்கள் கிளப்புக்கு நன்மை செய்வதாக எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விதியை எழுதியது யார், அது யாருடைய கால்களைக் கட்டியது என்பதுதான் கேள்வி. வாரம் முழுக்க லாரி ஓட்டுகிறவன் கைக்காசு இல்லாமல் எப்படிப் பயிற்சிக்கு வருவான்?

1924 மார்ச் 1ஆம் தேதி ஃபுளுமினென்சி, ஃபிளமெங்கோ, போட்டாஃபோகோ, அமெரிக்கா, பாங்கு ஆகியவை பழைய லீகை உதறிவிட்டு ‘ஆமியா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட புதிய சங்கத்தை அமைத்தன. பாங்குவும் அந்தப் பக்கம் போனதைக் கவனிக்க வேண்டும். புதிய சங்கத்தின் விதிகளில் உடலுழைப்பால் பிழைப்பவர்களுக்கு இடமில்லை, டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இடமில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இடமில்லை. நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தேவைப்படவும் இல்லை. அடிமைமுறை ஒழிந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகாத ஊரில், தொழிலையும் எழுத்தறிவையும் கேட்டாலே போதும், யார் யார் உதிர்வார்கள் என்று கேட்பவருக்கு நன்றாகத் தெரியும்.

வாஸ்கோ சேர விரும்பியபோது நிபந்தனைகள் வந்தன. நிறுவிய கிளப்புகளுக்குள்ள உரிமை அதற்குக் கிடைக்காது. சரியான மைதானம் இல்லை என்பது ஒரு குறை. அத்தோடு, முதல் அணியிலும் இரண்டாம் அணியிலுமாக 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும், அவர்களின் சமூக நிலை சரியில்லை. சாம்பியன் அணியின் முதுகெலும்பையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

1924 ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோ தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ், அர்னால்டோ கின்லேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலுவலக நடையில் எழுதப்பட்ட சிறிய கடிதம், ஆவேசம் கிடையாது. அதன் சாரம் இது. உரிமைகளைக் குறைத்தது பற்றியும் மைதானம் பற்றியும் முதலில் குறிப்பிடுகிறார். பிறகு 12 பேர் விஷயத்துக்கு வருகிறார். இவர்களின் சமூக நிலையை நீங்கள் விசாரித்த முறையை எங்கள் நிர்வாகக் குழு ஏற்கவில்லை. அந்த விசாரணையில் இவர்களுக்காகப் பேச ஆளில்லை, இவர்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தரவில்லை. இவர்கள் இளைஞர்கள், வாழ்க்கையைத் தொடங்குகிறவர்கள். 1923இல் எங்களுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர்களை நாங்களே களங்கப்படுத்துவது கௌரவமான காரியமாகாது. ஆகவே உங்கள் சங்கத்தில் நாங்கள் சேரவில்லை. இவ்வளவுதான்.

கடிதத்திலும் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. இதைச் சுட்டிக்காட்டிச் சில ஆய்வாளர்கள், வாஸ்கோ நிறவெறியை எதிர்த்தது என்பது பின்னால் கட்டிய கதை, போர்த்துகீசியக் கடைக்காரர்களுக்கு ஜெயிக்க வேண்டும், அதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்கள். நோக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஜெயிப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், 12 பெயரை அடித்துவிட்டுப் பெரிய லீகில் நுழைந்து, வேறு 12 பேரைப் பிடித்திருக்கலாம். பணம் இருந்தது. ரியோவில் வெள்ளைத்தோல் ஆட்டக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. நிர்வாகக் குழு ஒருமனதாக மறுத்தது. ஒரு சங்கம் எதற்காக ஆட்களைச் சேர்த்தது என்பதைவிட, விலை கேட்டபோது அவர்களைக் கொடுத்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் நான் அதை மதிப்பிடுவேன். எதிர்த்தரப்பு எந்த மொழியில் கதவைச் சாத்தியதோ அதே மொழியில், விதி, விசாரணை, தற்காப்பு உரிமை என்று காகிதத்துக்குக் காகிதம் பதில் சொன்னார்கள் என்பதும் எனக்குச் சாமர்த்தியமாகவே படுகிறது.

அந்த ஆண்டு வாஸ்கோ பழைய லீகிலேயே சிறிய கிளப்புகளோடு ஆடி, ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றது. வாஸ்கோ இல்லாத லீகில் டிக்கெட் வசூல் என்னாகும் என்பதைப் புதிய சங்கம் சீக்கிரமே கற்றுக்கொண்டது. 1925இல் வாஸ்கோவை அழைத்துக்கொண்டது.

அப்போதும் காகிதம் விடவில்லை. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் நடுவரின் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காதவர்களைப் பிடிக்க இது ஒரு வலை. கிளப் ஆட்டக்காரர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தது. பந்தோடு மல்லுக்கட்டிய கால்களுக்குச் சொந்தக்காரர்கள் மாலையில் பேனாவோடு மல்லுக்கட்டினார்கள். ஒருவர் தம் இத்தாலியக் குடும்பப் பெயரை எழுதத் திணறி, எளிதாக இருக்கட்டும் என்று சில்வா ஆகிவிட்டார் என்று மாரியோ ஃபில்யோ சொல்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1933இல் ரியோவில் தொழில்முறைக் கால்பந்து வந்தபோது, சம்பளத்துக்கு ஆடலாம் என்று முன்னால் நின்ற கிளப்புகளில் ஃபுளுமினென்சியும் ஒன்று. ஒன்பதே ஆண்டுகளில் கேவலம் கௌரவமாகிவிட்டது.

மைதானம் இல்லை என்ற குறைக்கும் வாஸ்கோ பதில் வைத்திருந்தது. பத்தாயிரம் உறுப்பினர் சேர்ப்போம் என்று இயக்கம் நடத்தினார்கள். பெரிய வியாபாரி முதல் ரொட்டிக்கடைச் சிப்பந்தி வரை பணம் போட்டார்கள். 1926 ஜூனில் அடிக்கல் நாட்டி, 1927 ஏப்ரல் 21 அன்று திறந்துவிட்டார்கள். பெல்ஜியத்திலிருந்து சிமெண்ட் இறக்குமதி செய்ய அரசு அனுமதி மறுத்ததால், இருந்த சிமெண்டோடு மணலையும் கல்தூளையும் கலந்து கட்டியதாகக் கிளப்பின் வரலாறு சொல்கிறது. அனுமதி தராத அரசின் ஜனாதிபதி வாஷிங்டன் லூயிஸ் திறப்பு விழாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அன்று சாண்டோஸோடு ஆடி வாஸ்கோ 5-3 என்று தோற்றது. விருந்தாளிக்கு மரியாதை!

சாவோ ஜனுவாரியோ என்ற தெருப் பெயரால் அழைக்கப்படும் இந்த மைதானம், 1930இல் உருகுவே தன் சென்டெனாரியோ மைதானத்தைத் திறக்கும்வரை தென் அமெரிக்காவிலேயே பெரியது. பிரேசிலில் 1940 வரை இதுதான் முதலிடம். கூட்டம் சேர்க்க வேறு இடமில்லாததால் அரசியலும் இங்கே வந்தது. 1940 மே தினத்தன்று ஜனாதிபதி கெடூலியோ வர்காஸ் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இங்கிருந்துதான் அறிவித்தார். இசையமைப்பாளர் வில்லா லோபோஸ் பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திச் சேர்ந்திசை நடத்தினார். 1945 மே மாதம், சிறையிலிருந்து விடுதலையான கம்யூனிஸ்ட் தலைவர் லூயிஸ் கார்லோஸ் பிரெஸ்டெஸ் பேசியதும் இங்கேதான். உடலுழைப்பாளிகளுக்கு இடமில்லை என்று சொன்னவர்களுக்குப் பதிலாகக் கட்டப்பட்ட இடத்தில் தொழிலாளர் சட்டம் அறிவிக்கப்பட்டது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தற்செயலைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1945 முதல் 1952 வரை வாஸ்கோவின் பொற்காலம். ‘வெற்றி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். 1945, 1947, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரியோ பட்டத்தை ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது. 1948இல் சிலியின் சாண்டியாகோவில் தென் அமெரிக்கச் சாம்பியன் கிளப்புகள் ஏழு கூடி ஆடிய போட்டியிலும் பட்டம் வாஸ்கோவுக்கே. கடைசியில் டி ஸ்டெஃபானோ இருந்த ரிவர் பிளேட்டோடு 0-0. அந்த ஆட்டத்தில் ரிவர் பிளேட்டின் லப்ருனா அடித்த பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா. பார்க்க வந்திருந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜாக் ஃபெரான், சாம்பியன் கிளப்புகளை மோதவிடும் இதே யோசனையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1955இல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியதில் அதற்குப் பங்குண்டு.

பார்போசாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1950 ஜூலை 16, மரக்கானா, உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். உருகுவேக்கு எதிராக டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. களத்தில் இறங்கிய பதினொருவரில் ஐந்து பேர் வாஸ்கோவினர்: பார்போசா, கேப்டன் அகஸ்டோ, டானிலோ, அடெமிர், ஷிகோ. பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்டாவும் வாஸ்கோவின் ஆள். ஏறக்குறைய 2 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேசில் முதல் கோல் போட்டது, உருகுவே சமன் செய்தது. 79ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரமாக ஓடிவந்தார். உருகுவேயின் முதல் கோலும் இவர் ஓடிவந்து நடுவே தள்ளிக்கொடுத்துத்தான் விழுந்தது. மறுபடியும் நடுவே தள்ளுவார் என்று கணித்து, பார்போசா கம்பத்தைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். கிஜியா கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்த சந்தில் நேராக அடித்துவிட்டார். 2-1.

அந்த ஓரடிக்கு அவர் ஐம்பது ஆண்டு தண்டனை அனுபவித்தார். பழியைப் பங்குபோட்டபோது அதிகம் விழுந்தது பார்போசா, பிகோடே, ஜுவெனால் என்ற மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் தலையில். நடுக்களத்தில் யார் சறுக்கினார், பயிற்சியாளர் என்ன செய்தார் என்று யாரும் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. கறுப்பினக் கோல்கீப்பரை நம்ப முடியாது என்ற பேச்சு நாட்டில் வேர்பிடித்தது. உலகக் கோப்பைக்குக் கறுப்பினக் கோல்கீப்பர் ஒருவரை முதல் தெரிவாகப் பிரேசில் மறுபடி அழைத்துப்போனது 2006இல், டீடாவை. பார்போசா வாஸ்கோவுக்காகப் பல ஆண்டுகள் நன்றாக ஆடினார், பட்டங்கள் வென்றார். ஓய்வுபெற்ற பிறகு மரக்கானா வளாகத்திலேயே ஊழியராக வேலை பார்த்தார். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, ராசி கெட்டவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டு, எனக்கு மட்டும் அது முடியவே இல்லை என்று கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்தது 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7. கிளப் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸின் 1924 கடிதத்தில் இருக்கும் அதே தேதி.

1924இல் ஒரு லீகிடமிருந்து தன் ஆட்டக்காரர்களைக் காத்த கிளப்பால், 1950இல் ஒரு தேசத்திடமிருந்து தன் கோல்கீப்பரைக் காக்க முடியவில்லை. அங்கே பதில் எழுத முகவரியே இல்லை. யாரும் விதி போடவில்லை, விசாரணை நடத்தவில்லை, எல்லோரும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். இப்போது வாஸ்கோவின் பயிற்சி மையத்துக்கு மொவாசிர் பார்போசா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன், பட்டங்களின் பட்டியலை நீங்கள் எங்கும் பார்த்துக்கொள்ளலாம். 1956இல் துல்சே ரோசலினா வாஸ்கோவின் ரசிகர் படைக்குத் தலைவியானார், பிரேசிலில் அப்படி ஒரு பெண் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. 1957இல் பதினாறு வயதுப் பெலே, சாண்டோஸும் வாஸ்கோவும் சேர்ந்து இறக்கிய அணியில் வாஸ்கோ சட்டை போட்டு ஆடினார். 1969இல் தம் ஆயிரமாவது கோலை மரக்கானாவில் அதே வாஸ்கோவுக்கு எதிராகப் போட்டார். ஓரமாக வருவார் என்று சொன்னேனே, வந்துவிட்டார். 1970களில் ரொபெர்ட்டோ டினமைட் வந்தார். கிளப்புக்காக 708 கோல், பிரேசில் லீகில் 190 கோல், இன்றும் முறியாத சாதனை. தேசியப் பட்டம் 1974, 1989, 1997, 2000 என நான்கு முறை. நூற்றாண்டு விழா நடந்த 1998இல் லிபர்டடோரஸ் கோப்பை. 2000 டிசம்பரில் மெர்கோசூர் கோப்பையின் இறுதியாட்டத்தில், பால்மெய்ராஸிடம் பாதி நேரத்தில் 0-3 என்று கிடந்த அணி 4-3 என்று வென்றது. ரொமாரியோ மூன்று கோல்.

அதே டிசம்பர் 30ஆம் தேதி, சாவோ கெய்டானோவோடு நடந்த தேசிய இறுதியாட்டத்தில் சாவோ ஜனுவாரியோவின் தடுப்பு வேலி சரிந்து நூற்றைம்பது பேருக்குமேல் காயமடைந்தார்கள். காயம்பட்டவர்கள் புல்தரையில் படுத்திருக்கும்போதே, கிளப்பின் துணைத்தலைவர் யூரிகோ மிராண்டா ஆட்டம் தொடர வேண்டும் என்று நின்றார். ஏழைகளின் கிளப் என்று பெயர் வாங்கிய இடத்திலும் ஒரு ஜமீன்தார் உருவாக முடியும். பல ஆண்டுகள் கிளப் அவர் பிடியில் இருந்தது. கடன் ஏறியது. 2008, 2013, 2015, 2020 என்று நான்கு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2022இல் கால்பந்துப் பிரிவின் 70 சதவீதத்தை மயாமியைச் சேர்ந்த 777 பார்ட்னர்ஸ் நிறுவனத்துக்கு 700 மில்லியன் பிரேசிலிய ரியாலுக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். அந்த நிறுவனமே ஆட்டம் கண்டது. 2024 மே மாதம் நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகத்தை மறுபடி கிளப்பின் கையில் கொடுத்தது.

கடைசியாக ஒன்று. 2023 ஜூனில் கோயாஸிடம் தோற்ற அன்று சாவோ ஜனுவாரியோவில் கலவரம். ரசிகர்கள் வெடி வீசினார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. தண்டனை வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மைதானத்தை ரசிகர்களுக்கு மூடச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில் மைதானத்தின் அக்கம்பக்கமும் வந்தது. ஒட்டியே இருக்கும் பஹேய்ரா டோ வாஸ்கோ என்ற குடிசைப் பகுதி, குறுகிய சந்துகள், அங்கே கேட்கும் துப்பாக்கிச் சத்தம் எல்லாம் காரணங்களாக எழுதப்பட்டிருந்தன. நகரத்தின் மற்ற மைதானங்களில் கலவரம் நடந்தால் அக்கம்பக்கத்தின் வறுமையை யாரும் எழுதுவதில்லை. கிளப்பும் பஹேய்ரா மக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஆட்ட நாளில் பீரும் பொரித்த தின்பண்டமும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் வருமானம் இல்லை. 1924 கடிதத்தை எல்லோரும் மறுபடி எடுத்துப் படித்தார்கள். செப்டம்பரில் வாசல் திறந்தது. முதல் ஆட்டத்தில் கொரிடிபாவை வாஸ்கோ 5-1 என்று வென்றது.

அடுத்த ஆண்டு, மைதானத்தைப் புதுப்பித்துக் கொள்ளளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கப் பணம் திரட்ட வழிசெய்யும் சட்டத்தை ரியோ நகர மன்றம் நிறைவேற்றியது. புதிய மைதானம் வந்தால் டிக்கெட் என்ன விலை இருக்கும், பஹேய்ராவிலிருந்து எத்தனை பேர் உள்ளே போக முடியும் என்று அங்கே இப்போதே விவாதம் நடக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பெலேயைப் பற்றியும் கேட்கலாம்.